அண்ணன் அளவில் ஒரு கொரில்லா

என் அக்காள் கணவர் பாதி ஆயுளை ஒரு கொரில்லாவுக்காகச் செலவழித்தவர். இந்தக் கதை நடக்கும்வரை அந்தக் கொரில்லாவை அவர் நேரில் பார்த்தது ஒரே ஒரு முறைதான். அதுவும் எட்ட நின்று, கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு. இதை நாலு பேர் முன்னால் சொன்னால் அவருக்குக் கோபம் வரும். வரட்டும். மச்சினன் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

அத்தானுக்கு ஓர் ஆய்வு நிலையத்தில் வேலை. வெள்ளைக் கோட்டு, கொதிக்கும் குடுவை என்றெல்லாம் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். ஒரு நாற்காலி, இரண்டு கணினித் திரை, முதுகுவலிக்கு முட்டுக்கொடுக்க ஒரு தலையணை, அவ்வளவுதான். விலங்குக் காட்சி சாலையில் இருக்கும் ஒரு பெண் கொரில்லாவின் மரபணுத் தொகுதியை, அதாவது அதன் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் இருக்கிற முடிவே இல்லாத எழுத்துச் சரத்தை, தலையிலிருந்து வால்வரை ஒட்டி முடிப்பது அவர் பொறுப்பு. உறவுக்காரர் கல்யாணங்களில் அவரைக் ‘குரங்கு மாப்பிள்ளை’ என்பார்கள். கொரில்லா வெறும் குரங்கு இல்லை, அது வாலில்லாத மனிதக் குரங்கு என்று அவர் விளக்க ஆரம்பிப்பார். அதற்குள் கேட்டவர் சாப்பிடப் போயிருப்பார்.

எனக்கு மட்டும் ஒருமுறை பொறுமையாக விளக்கினார். கல்யாண வீட்டில் ஒரு பெரிய சண்டை நடந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளச் சொன்னார். முழுச் சண்டையையும் பார்த்தவர் யாரும் இல்லை. நூறு உறவினர்கள் ஆளுக்கு ஒரு துண்டு கேட்டிருக்கிறார்கள். ஒருவர் சொல்லும் துண்டின் முடிவும் இன்னொருவர் சொல்லும் துண்டின் தொடக்கமும் ஒரே வசனமாக இருந்தால், அந்த இரண்டையும் ஒட்டலாம். இப்படி ஒட்டி ஒட்டி முழுச் சண்டையையும் வரிசையாக எழுதிவிட வேண்டும். எழுத்து நாலே நாலுதான், ஆனால் சண்டை முந்நூறு கோடி எழுத்து நீளம். இதில் சிக்கல் என்னவென்றால், ‘நீ மட்டும் ஒழுங்கா?’ என்ற வசனம் ஒரே சண்டையில் ஆயிரம் இடத்தில் வரும். எந்த ‘நீ மட்டும் ஒழுங்கா?’ எந்த இடத்துக்குரியது என்று யார் சொல்வது?

இங்கேதான் அவர்கள் ஒரு குறுக்கு வழி வைத்திருந்தார்கள். பக்கத்து வீட்டுச் சண்டை ஏற்கெனவே எழுதி முடிக்கப்பட்டிருந்தது. பக்கத்து வீடு என்றால் மனிதன். மனிதனும் கொரில்லாவும் நெருங்கிய சொந்தம், சண்டைகளும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். சந்தேகம் வந்தால் மனிதனை எடுத்துப் பார், அங்கே எந்த வரிசையோ இங்கேயும் அதே வரிசையில் வை. ஒரு துண்டு தலைகீழாக உட்கார்ந்தால் திருப்பிப் போடு. அத்தான் இந்தத் திருப்பிப் போடும் கலையில் மன்னர். அவர் கை பட்டால் கொரில்லா மனிதனைப் போலவே ஒழுங்காக வந்து உட்காரும் என்று நிலையத்தில் பெயர்.

அந்தக் கலை அவருக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அவருக்கு ஓர் அண்ணன் இருக்கிறார்.

அண்ணன் எலும்பு டாக்டர். ஆறடிக்கு மேல் உயரம், கணீர்க் குரல், சொந்த மருத்துவமனை. அத்தான் வளர்ந்ததெல்லாம் அண்ணனின் பழைய சட்டைக்குள், அண்ணனின் பழைய புத்தகத்தோடு, அண்ணனின் பழைய சைக்கிளில். அவர்கள் அம்மா காலையில் எழுப்பும்போதே ‘அண்ணனைப் பாரு’ என்றுதான் எழுப்புவாராம். அண்ணனுக்குக் கண்ணாடி போட்ட வருடம் இவருக்கும் ஒன்று போட்டிருக்கிறார்கள், கண்ணில் ஒரு குறையும் இல்லாமல். இதை அவரே என் கடையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே சொன்னார். மூக்குக்கண்ணாடி விற்றுப் பிழைக்கிற எனக்கே அதைக் கேட்டுத் தலை சுற்றியது.

வீடு கட்டிய கதை அதையும் மிஞ்சும். அண்ணன் வீட்டு வரைபடத்தையே கொடுத்து இதே மாதிரி கட்டு என்றார் அத்தான். மேஸ்திரி மனையை ஒரு சுற்று சுற்றி வந்து தலையைச் சொறிந்தார். அண்ணன் மனைக்குத் தெரு முன்பக்கம், இவர் மனைக்குப் பின்பக்கம். இதை அப்படியே கட்டினால் வாசல் ஒரு கிடங்கின் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்கும், வரைபடத்தைத் திருப்பிப் போட்டுக் கட்டிவிடலாமா என்று கேட்டார். அத்தான் அண்ணனுக்குப் போன் செய்தார். அண்ணன் யாருடைய முழங்காலிலோ மும்முரமாக இருந்தார். நம்ம வீடு மாதிரியே கட்டச் சொல்லு என்று சொல்லி வைத்துவிட்டார். மேஸ்திரிக்கு என்ன வந்தது? அப்படியே கட்டினார்.

ஆக, என் அக்கா வீட்டின் தூண் வைத்த முகப்பும், செதுக்கு வேலை செய்த வாசல் கதவும் கிடங்குச் சுவரை ரசித்துக்கொண்டிருக்கின்றன. இடையில் ஒரு பூனை நடக்க இடம் உண்டு. தெருவைப் பார்த்து இருப்பவை குளியலறை, சாமான் அறை, சமையலறை. விருந்தாளிகள் சமையலறையின் பக்கவாட்டுக் கதவு வழியாக, அடுப்பைத் தாண்டித்தான் உள்ளே வர வேண்டும். கூரியர்காரர் அந்தச் சுற்று வழிக்குச் சோம்பிக்கொண்டு பார்சலைக் குளியலறை ஜன்னலில் நீட்டிவிடுவார். உள்ளே யார் என்ன நிலையில் இருக்கிறார்கள் என்பது அன்றைய அதிர்ஷ்டம். அத்தானிடம் கேட்டால், நல்ல காற்றோட்டமான வீடு என்பார்.

இந்த வீட்டில் பிறந்தவள் பாப்பா. ஒரே பெண். வயது இருபதைத் தாண்டிவிட்டது, இருந்தாலும் எங்களுக்குப் பாப்பாதான். அவளுக்கு அளவுகோல் அண்ணனின் மகள். அந்தப் பெண் அப்பாவின் மருத்துவமனையை ஒட்டிய கல்லூரியில் பிசியோதெரபி படித்துவிட்டு அங்கேயே வெள்ளைக் கோட்டோடு நடமாடுகிறாள். பாப்பாவுக்கும் அதே கல்லூரி, அதே படிப்பு, அதே கோட்டு என்று பெரியவர்கள் எப்போதோ பேசி முடித்துவிட்டார்கள். பாப்பா நுழைவுத் தேர்வை ஒருமுறை எழுதித் தோற்றாள். ஒழுங்காகப் படித்திருந்தால் தேறியிருப்பாள். அவள் மனம் வேறு இடத்தில் இருந்தது.

அந்த வேறு இடத்தை அவளுக்குக் காட்டியவரே அத்தான்தான். முதன்முதலில் ரத்த மாதிரி வாங்கக் காட்சி சாலைக்குப் போனபோது, பள்ளிக்கூடம் விடுமுறை என்று பாப்பாவையும் கூட்டிப்போயிருந்தார். அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். இவள் கம்பிவலையை விட்டு நகர மாட்டேன் என்றாள். அந்தக் கொரில்லாவை அங்கே எல்லோரும் பெரியம்மா என்று கூப்பிடுவார்கள். வீட்டுக்கு வந்து பாப்பா, பெரியம்மா கேரட்டைத் தோலை உரித்துத்தான் தின்கிறாள் என்று ஊரெல்லாம் சொல்ல, அண்ணனின் மனைவி இரண்டு மாதம் எங்கள் யாரோடும் பேசவில்லை.

வளர்ந்த பிறகு பாப்பா அங்கே போய்க் கூண்டு கழுவி, தீனி நறுக்கிக் கொடுத்து, சும்மாவே வேலை செய்ய ஆரம்பித்தாள். இப்போது அவளை நிரந்தரமாகப் பராமரிப்பாளராகச் சேர்த்துக்கொள்கிறோம், மாதக் கடைசிக்குள் பதில் சொல் என்றார்கள். அவள் அப்பாவிடம் ஒரே ஒருமுறை கேட்டாள். அவரோ, கொரில்லா சாணியை அள்ளவா உன்னைப் பெத்தேன் என்று ஆரம்பித்து, அண்ணன் என்ன நினைப்பார் என்று முடித்தார். கொரில்லாவால் சோறு தின்கிற மனிதர் சொல்கிற பேச்சா இது? அதன் பிறகு பாப்பா நுழைவுத் தேர்வுப் பயிற்சி வகுப்புக்குப் போவதாகச் சொல்லிக்கொண்டு காட்சி சாலைக்குத்தான் போய்வந்தாள். இது அக்காவுக்கும் எனக்கும் தெரியும்.

ஒருநாள் கடைக்கு வந்து கவுன்ட்டரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். “மாமா, நீங்க அப்பாகிட்ட பேசுங்க. நான் பேசினா பெரியப்பா பேரைச் சொல்லி வாயை அடைச்சிடறார். எனக்கு வேற எதுவும் வேணாம் மாமா, இது மட்டும் போதும்.” பேசுகிறேன் என்றேன். எப்படிப் பேசுவது என்றுதான் தெரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஆய்வு நிலையத்தில் பூகம்பம் கிளம்பியது. புதிய இயந்திரம் ஒன்று வந்திருந்தது. பழைய இயந்திரம் சண்டையில் ஒரு வசனம் கேட்ட உறவினர் என்றால், இது முதல் பந்தியிலிருந்து கடைசிப் பந்தி வரை அசையாமல் உட்கார்ந்து கேட்ட உறவினர். நீள நீளமான துண்டுகளாகப் படித்துக் கொடுத்தது. அதை வைத்துக் கொரில்லாவை ஓட்டை உடைசல் இல்லாமல் மறுபடி முழுசாக ஒட்ட வேண்டும். முழுசாக முடித்துவிட்டோம் என்று உலகத்துக்கு அறிவிக்கத் தேதியும் குறித்துவிட்டார்கள்.

அத்தான் ஒட்டிக்கொண்டே வந்தார். ஒரு குரோமோசோமின் நடுவில் பெரிய துண்டு ஒன்று மனிதனுக்கு எதிர்த்திசையில் உட்கார்ந்தது. வழக்கம்போலத் திருப்பிப் போட்டார். இரண்டு ஓரமும் ஒட்டவில்லை. மறுபடி பழையபடி போட்டார், சுவரோடு சுவர் சேர்ந்தமாதிரி ஒட்டிக்கொண்டது. இந்தப் பக்க ஓரத்தையும் அந்தப் பக்க ஓரத்தையும் தாண்டிப் போகும் நீளத் துண்டுகள் ஒன்றல்ல, பல இருந்தன. எல்லாம் ஒரே கதையைச் சொல்லின. பக்கத்து வீட்டில் மாமியார் முதலில் பேசி மருமகள் பதில் சொன்னாள் என்றால், இந்த வீட்டில் மருமகள்தான் ஆரம்பித்திருக்கிறாள். இத்தனை வருடமாக அத்தான் அந்த மருமகளின் வாயைப் பிடித்துத் திருப்பி வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். மனிதர் சரியாகத் தூங்கவில்லை என்று அக்கா சொன்னாள்.

இயக்குநருக்கு இது பிடிக்கவில்லை. மனிதனோடு ஒத்துப்போகவில்லை என்றால் தவறு நம்மிடம்தான் இருக்கும் என்பது அவர் கட்சி. அவர் பேச்சிலும் விஷயம் இருந்தது. இவர்கள் படித்துக்கொண்டிருந்தது பல வருடமாகக் கண்ணாடித் தட்டில் வளர்த்துவரும் செல்களை. தட்டில் வளர்கிற செல்லில் இப்படித் துண்டுகள் புரண்டுகொள்வது உண்டு. இது கொரில்லாவின் குணமா, தட்டின் கோளாறா? தெரியாதவரை மனித வரிசையில் திருப்பி வைத்து அறிவித்துவிடுங்கள் என்றார்.

கூட்டத்தில் அத்தான் எழுந்து நின்றாராம். எழுந்து நிற்பதே அவர் வரலாற்றில் முதல் தடவை. “அவ மனுஷி இல்ல சார். அவ எதுக்கு மனுஷி மாதிரி இருக்கணும்?” என்று கேட்டாராம். அன்று சாயங்காலம் என் கடைக்கு வந்து இதை இரண்டு முறை சொல்லிக் காட்டினார். இரண்டாவது முறை மேஜையைக்கூடத் தட்டினார். வெளியில் புலி, வீட்டில் எலி என்று சும்மாவா சொன்னார்கள்? எனக்கு அந்த இடத்திலேயே பாப்பாவின் பேச்சை எடுக்க வாய் துடித்தது. ஆனால் புலி வேஷத்தில் இருப்பவரிடம் எலியைப் பற்றிப் பேசக் கூடாது என்று அடக்கிக்கொண்டேன்.

இயக்குநர் ஒரு வழி விட்டார். கொரில்லாவின் புது ரத்தம் கொண்டுவா, அதில் அந்தத் துண்டின் இரண்டு முனைக்கும், அதற்கு வெளியே ஓர் இடத்துக்கும் நிறம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்ப்போம், உடம்பிலேயே அப்படித்தான் இருந்தால் நான் ஒத்துக்கொள்கிறேன் என்றார். அறிவிப்புத் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. அத்தான் காட்சி சாலை மருத்துவருக்குப் போன் செய்தார். மருத்துவர் ஒரேயடியாக மறுத்தார். கொரில்லாவிடம் ரத்தம் எடுக்க வேண்டுமானால் மயக்க மருந்து கொடுக்க வேண்டும், பெரியம்மாவுக்கு வயதாகிவிட்டது, இதயம் பலவீனம், ஒரு நிறச் சோதனைக்காக அவளைச் சாகடிக்க முடியாது. அத்தான் கெஞ்சினார். மருத்துவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, இங்கே ஒரு பெண் இருக்கிறாள், பெரியம்மா அவளிடம் மட்டும் மயக்கமில்லாமலே கையை நீட்டுகிறாள், ஊசி குத்த விடுகிறாள், நேரில் வாருங்கள், அவளைக் கேட்டுப் பார்ப்போம் என்றார்.

அவரைக் காரில் கூட்டிப்போனவன் நான். யார் அந்தப் பெண் என்று எனக்குத் தெரியும். பாப்பாவுக்கு ஒரு போன் போட்டு எச்சரித்திருக்கலாம். போடவில்லை. நான் நல்லவன் என்று எங்கேயும் சொல்லிக்கொண்டதில்லை.

கூண்டுகளின் பின்பக்கம் ஒரு நீண்ட நடை. ஈரச் சிமென்ட் தரை, சுருட்டி வைத்த தண்ணீர்க் குழாய், வாளிகளில் நறுக்கிய கேரட், கிருமிநாசினி வாடையையும் மீறி அடிக்கும் ஒரு கனத்த மிருக வாடை. அத்தான் கைக்குட்டையை எடுத்தார். நடையின் கடைசியில், கம்பிவலைக்கு முன்னால், முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு ஒரு பெண் குந்தியிருந்தாள். வலையில் ஓரிடத்தில் கை நுழைகிற அளவுக்கு ஓர் இரும்புக் குழாய் பொருத்தியிருந்தது. வலைக்கு அந்தப் பக்கம் மலை மாதிரி பெரியம்மா.

பாப்பா திரும்பிப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்துப்போனதை நான் பார்த்தேன். ஆனால் எழுந்திருக்கவில்லை. “அப்பா, சத்தம் போடாதீங்க. அவளுக்குப் பிடிக்காது” என்றாள் தாழ்ந்த குரலில். அத்தான் திறந்த வாயை மூடிக்கொண்டார். பெற்ற மகளுக்கு இல்லாவிட்டாலும் கொரில்லாவுக்காவது அந்த மரியாதை கிடைத்தது.

மருத்துவர் விஷயத்தைச் சொன்னார். பாப்பா தலையை ஆட்டிவிட்டு வேலையில் இறங்கினாள். மாதக்கணக்காகப் பழக்கியிருக்கிறாள். முதலில் குழாயை விரலால் தொட்டாலே ஒரு திராட்சை. பிறகு உள்ளங்கை வந்தால் ஒரு திராட்சை. பிறகு மணிக்கட்டு, பிறகு முழங்கை. பிறகு மொட்டைக் குச்சியால் தொடுவது, அதன் பிறகுதான் ஊசி. பெரியம்மா இடது கையை மட்டும்தான் நீட்டுவாள், வலது கை திராட்சைக்கு. அந்தக் கரிய தடித்த கை குழாய்க்குள் மெதுவாக வந்து பாப்பாவின் முன்னால் மல்லாந்தது.

“பிடிச்சுக்கோம்மா, இழுத்துக்கிட்டா என்ன பண்றது?” என்று அத்தான் அடக்க முடியாமல் கேட்டுவிட்டார்.

“பிடிக்கக் கூடாதுப்பா. அவ நினைச்சா எப்ப வேணா கையை எடுத்துக்கலாம். பிடிச்சு வைக்கறதில்லைன்னு அவளுக்குத் தெரியும். அதனாலதான் குடுக்கறா.”

மருத்துவர் ஊசியைக் குத்தினார். பெரியம்மா ஒருமுறை கண்ணைச் சிமிட்டினாள், அவ்வளவுதான். பிறகு அத்தானை ஏற இறங்கப் பார்த்தாள். தன் முந்நூறு கோடி எழுத்தையும் படித்த மனிதர் இவர் என்று அவளுக்கு யார் சொல்வது? பார்த்துவிட்டு, பார்த்தது போதும் என்பதுபோல முதுகைத் திருப்பிக்கொண்டாள்.

திரும்பி வரும்போது ரத்தக் குப்பி இருந்த பெட்டி அத்தான் மடியில் இருந்தது. பாதி வழியில், “கையில வாங்கினப்போ சூடா இருந்துச்சுடா” என்றார். இத்தனை வருடம் எழுத்தாகவே பார்த்த ஜீவனுக்கு உடம்புச் சூடும் உண்டு என்பது அவரைத் தொட்டிருந்தது. எனக்கும் மனம் இளகிவிட்டது. இனி நான் பேசவே தேவையில்லை, காரியம் தானாகக் கனிந்துவிட்டது என்று நினைத்தேன். நிலையத்தில் பெட்டியைக் கொடுத்துவிட்டு வந்து, தெரு முனையில் இறங்கும்போது சொன்னார்: “பாப்பாகிட்ட சொல்லிடு. இந்த மாசத்தோட அங்க போறதை நிறுத்திக்கட்டும். அண்ணனுக்குத் தெரிஞ்சா வருத்தப்படுவார்.” காரை எங்கேயாவது சுவரில் மோதலாமா என்று இருந்தது எனக்கு.

நிறச் சோதனை முடிவு வந்தது. மனிதனில் சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று வரும் இடத்தில் பெரியம்மாவுக்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை. தட்டின் கோளாறு இல்லை, அவள் உடம்பே அப்படித்தான். அத்தான் சொன்னதுதான் சரி.

அறிவிப்புக் கூட்டத்துக்கு எங்களையும் அழைத்திருந்தார்கள். அண்ணன் முதல் வரிசையில் உட்கார்ந்து தனக்குப் பின்னால் இருந்த மூன்று பேருக்கு மேடையை மறைத்தார். இயக்குநர் பேசினார். மனிதனை வைத்தே மற்ற உயிர்களைப் படிக்கும் பழக்கத்தின் மீது தனக்கு ஆரம்பத்திலிருந்தே சந்தேகம் இருந்தது என்றார். ஒவ்வோர் உயிரையும் அதன் சொந்த வரிசையிலேயே படிக்க வேண்டும் என்றார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அத்தான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டினார்.

டீ கொடுக்கும் இடத்தில் அண்ணன் தம்பியின் தோளில் கையைப் போட்டார். நல்லா பண்ணியிருக்கே, குரங்கு வேலை முடிஞ்சுதுல்ல, பாப்பாவை அடுத்த வாரம் அனுப்பிடு, நான் எல்லாம் சொல்லி வச்சிருக்கேன் என்றார். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். தன் சட்டை தம்பிக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும் என்பதே அவருக்குத் தோன்றியதில்லை, அவ்வளவுதான். அத்தான், “சரிண்ணா” என்றார். கையில் டீக் கோப்பையோடு பாப்பா பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.

அண்ணன் நகர்ந்ததும் நான் அத்தானை ஓரமாக இழுத்துப் போனேன். இனி அடக்க என்னால் ஆகாது. “பெரியம்மாவுக்கு ஒரு நியாயம், பெத்த பொண்ணுக்கு ஒரு நியாயமா அத்தான்? அவ எதுக்கு மனுஷி மாதிரி இருக்கணும்னு கேட்டீங்களே. உங்க பொண்ணு மட்டும் எதுக்கு உங்க அண்ணன் பொண்ணு மாதிரி இருக்கணும்?”

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. உண்மையாகவே புரியாத பார்வை. “அது வேற, இது வேற. அது ஆராய்ச்சி. இது குடும்பம்” என்றார். படித்த மனிதரிடம் இதற்கு மேல் என்ன பேசுவது? நான் பிஸ்கட் தட்டின் பக்கம் போய்விட்டேன்.

அன்று ராத்திரி நடந்ததை அக்கா எனக்குச் சொன்னாள். அத்தான் பாப்பாவைக் கூப்பிட்டு, அடுத்த வாரம் கல்லூரிக்குப் போக வேண்டும், காட்சி சாலையில் சொல்லிவிடு என்றிருக்கிறார். அழுவாள், எதிர்த்துப் பேசுவாள் என்று எதிர்பார்த்துப் பதில்களைத் தயாராக வைத்திருந்தார் போலிருக்கிறது. அவள் தலையைக் குனிந்துகொண்டு, “சரிப்பா” என்றாள். அந்தக் குரல், அந்தக் குனிவு, அந்த ‘ரி’யில் விழுந்த லேசான இழுப்பு எல்லாம் அச்சு அசல் அவருடைய ‘சரிண்ணா’. அக்கா அடுப்படியிலிருந்து கேட்டுவிட்டு, பேசியது அப்பாவா மகளா என்று திரும்பிப் பார்த்தாளாம்.

அவரும் அதைக் கேட்டிருக்க வேண்டும். எழுந்து போய், யாரும் போகாத அந்த வாசல் கதவைத் திறந்தார். கீல் துருப்பிடித்து அலறியது. தூண் வைத்த முகப்பில் உட்கார்ந்து, சாப்பிடக்கூட வராமல், கிடங்குச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

சில நாள் கழித்து, கடையைத் திறக்கும் நேரத்தில் அக்காவிடமிருந்து போன். “உடனே வாடா. உங்க அத்தானுக்கு என்னமோ ஆயிடுச்சு. வீட்டை இடிக்கிறார்” என்றாள்.

போனேன். வீட்டைக் கட்டிய அதே மேஸ்திரி, இப்போது தலை நரைத்து, தெருவைப் பார்த்த சாமான் அறைச் சுவரைக் கடப்பாரையால் பெயர்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் பல வருடக் கணக்கு தீர்த்துக்கொள்கிற ஆனந்தம். சுவரில் ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு பொத்தல் விழுந்திருந்தது. தகர டப்பாக்களும் பழைய பாய்களும் தெருவுக்கு வந்திருந்தன. அத்தான் தலையெல்லாம் செங்கல் தூசியோடு நடுவில் நின்றார். என்ன அத்தான் இது என்றேன். அவர் பொத்தலின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தார். பாப்பா சமையலறைக் கதவோரம் நின்று, நடப்பதை நம்பலாமா கூடாதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்கா எனக்கு மட்டுமா போன் செய்திருப்பாள்? சற்று நேரத்தில் அண்ணன் கார் வந்து நின்றது. அவர் இறங்கி, பாய்களைத் தாண்டி, சுவரைப் பார்த்தார்.

“யாரைக் கேட்டுடா இடிக்கிறே?”

மேஸ்திரி கடப்பாரையை இறக்கினார். அத்தான் கைகளை வேட்டியில் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். ‘சரிண்ணா’ வரப்போகிறது என்றே நினைத்தேன்.

“தெரு இந்தப் பக்கம் இருக்குண்ணா” என்றார்.

ஒருவழியாகச் சொல்லிவிட்டார்.

“அது எனக்குத் தெரியாதா? இத்தனை வருஷமா இல்லாத தெரு இப்ப எங்கேருந்து வந்துச்சு?”

“எப்பவும் இங்கதான் இருந்துச்சு. நாங்கதான் அடுப்பைச் சுத்தி வந்துட்டிருந்தோம்.” அத்தான் பொத்தலைத் தொட்டுக் காட்டினார். “ஒண்ணாம் தேதியிலேருந்து பாப்பா தினம் விடியக்காலையில வேலைக்குப் போகணும்ணா. காட்சி சாலையில, கொரில்லாவைப் பார்த்துக்கற வேலை. அதுக்கு ஒரு வாசல் வேணும்.”

பாப்பா வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணன் தம்பியைப் பார்த்தார், பொத்தலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஏதாவது சொல்வார் என்று எல்லோரும் காத்திருந்தோம். கடைசியில், தண்ணீர் குடிக்கணும் என்று முணுமுணுத்துவிட்டு, பழக்கதோஷத்தில் சமையலறைக் கதவை நோக்கி நடந்தார். அங்கே பாப்பா நின்றிருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, நகராமல், “இப்படி வாங்க பெரியப்பா” என்று பொத்தலைக் காட்டினாள்.

அவர் தயங்கினார். பிறகு செங்கல் குவியலில் காலை வைத்தார். பொத்தல் இன்னும் முழு உயரத்துக்கு வரவில்லை. குனிந்துதான் உள்ளே போக வேண்டியிருந்தது.